சிறுசேமிப்பும் ஐக்கிய நாணய முறையும்

வறிய குடும்பங்களின் இடர்ப்பாட்டைப் பற்றிப் பேசுவோர் இருவகையினர். அவர்களுக்குச் சிக்கனம் தெரியாது என்பர் ஒரு சாரார்; வருவாயே போதாதவர் எதனைச் சேமிப்பது என்பர் மற்றொரு சாரார். இவ்விரு கூற்றும் ஒருபுடை உண்மையுடையனவேயாயினும் முழுவுண்மையை உணர்த்துவனவல்ல. நாட்கூலி பெறும் ஒரு தாய் ஆயிரம் ரூபாவைப் பத்துக் கூறாக்கிச் செலவிடுந் திறத்தைத் திங்கட் சம்பளம் பெறுவோர் பலர் அறியார். அவளிடத்துக் குறைவாயிருப்பது சிக்கனமன்று. சேர்த்த பொருளைக் காத்துவைக்க ஓர் இடமும், இடர் வந்தவிடத்து நேர்மையான வட்டிக்குக் கடன்பெற ஒரு வழியும், கடனின் உண்மையான விலையைக் கணித்தறியும் அறிவுமே அவளுக்கு வேண்டுவன. இம்மூன்றையும் ஒருங்கே அளிக்கவல்லது எது என்பதை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் வறிய குடும்பத்தின் வரவு எத்தகையது என்பதை நோக்குவோம். அது சிறிதாயிருத்தலோடு ஒழுங்கற்றதாயும் இருக்கின்றது. கரையோரத்து மீனவனுக்குக் காற்றும் கடலும் இடங்கொடுக்கும் நாள்களிலேதான் உழைப்புண்டு. வலிகாமத்துச் செம்மண்ணில் வெங்காயம் நடுபவனுக்கு அறுவடை முடிந்து விற்ற பின்னரே காசுண்டு. வன்னியிற் காலபோக நெல் விதைத்தவன் சூடடிக்கும்வரை காத்திருத்தல் வேண்டும். வரவு அலைபோல எழுந்தும் விழுந்தும் வருகின்றது. அடுப்போ நாடோறும் எரிதல் வேண்டும். எனவே, வரவு மிகுந்த நாளின் பொருளை வரவற்ற நாளுக்குக் கொண்டுசெல்லுதலே குடும்பப் பொருளியலின் முதற் கலையாகும். வள்ளுவனாரும் வலியறிதல் என்னும் அதிகாரத்திலே வரவின் சிறுமையைக் கேடென்று கொள்ளாது, செலவு அதனைக் கடந்து விரிதலையே எச்சரித்தார். செலவை வரவுக்குள் அடக்குதற்கு முதலில் இரண்டையும் அளந்தறிதல் வேண்டும் என்பது கூறாமலே அமையும்.

எம்மவர் இக்கலையை அறியாதவரல்லர். அடுக்களை முட்டியிற் போட்டுவைத்த சில்லறையும், நல்ல போகத்தில் வாங்கி இடர்க்காலத்தில் அடைவு வைக்கும் காப்பும் சங்கிலியும், அயலார் கூடிப் பிடிக்குஞ் சீட்டும் வரவின் ஏற்றத்தாழ்வைச் சமன்செய்யுங் கருவிகளே. பத்துப்பேர் திங்கள்தோறும் 5,000 ரூபா இட, முறைப்படி ஒருவர் 50,000 ரூபாவை ஒருங்கே எடுத்தல் சீட்டின் வழக்கம். தனித்திருந்து சேர்க்கமுடியாத ஒருவரை, அயலாரின் எதிர்பார்ப்பே சேர்க்கச் செய்கின்றது. இஃது அதன் சிறப்பு. ஆயின் நோயும் மரணமும் சீட்டு முறைவரும்வரை காத்திரா. முன்னர் எடுத்தவர் பின்னர்க் கட்டாதுவிடின் பின்னவர்க்கு நட்டம். பத்தாந் திங்களில் எல்லாம் முடிய, பொதுநிதியென எஞ்சுவதும் ஒன்றுமில்லை. சீட்டிலே கூட்டுணர்ச்சி உண்டு. எழுத்தும் சட்டமும் நிலைநிதியும் இல்லை.

அவ்வெழுத்தையும் சட்டத்தையும் நிலைநிதியையும் கூட்டுணர்ச்சியோடு இணைத்தவர்களுள் முதன்மையானவர் ஜேர்மனியரான பிரீட்ரிக் வில்கெல்ம் ரைபைசன் (1818–1888) என்பவர். சிற்றூர்களின் நிருவாகத் தலைவராயிருந்த இவர், 1846–47ஆம் ஆண்டுப் பஞ்சத்தின்போது ஏழைகளுக்கு மாவும் உரொட்டியும் கிடைக்க வழிசெய்தார். பின்னர்ச் செல்வர்களின் கொடையை ஆதாரமாகக்கொண்ட உதவிச் சங்கங்களை அமைத்தார். கொடையாளரின் ஆர்வம் தளர, அச்சங்கங்களும் தளர்ந்தன. அதனாற் பெற்ற தெளிவினால் 1864இல் கெடஸ்டோர்வ் என்னும் ஊரிலே, கடன்பெறுவோர் தாமே உறுப்பினராகித் தம் பொருளுக்கும் கடனுக்கும் தாமே பொறுப்பேற்குஞ் சங்கத்தை நிறுவினார். ஒருவரையொருவர் அறிந்த ஊரெல்லைக்குள் சங்கம் அமைதல், இலாபத்தைப் பகிர்ந்தழிக்காது நிலைநிதியாக வளர்த்தல் என்பன அவர் முறையின் உயிர்நாடிகள். பிறர் கொடையினின்று தன்னுதவிக்கு ஏறிய இப்படியே எம் பொருளுக்குத் திறவுகோலாகும்.

இம்முறை இலங்கைக்கு வந்தது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலாகும். கண்டியை அடுத்த தும்பறைப் பகுதியில் 1906ஆம் ஆண்டு முதற் கடனுதவிச் சங்கம் தோன்றியது. 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் இத்தகைய சங்கங்களுக்குச் சட்டநிலை அளித்தது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் இவை ஐக்கிய நாணய சங்கங்கள் என வழங்கின. நாணயம் என்ற சொல் காசையும் குறிக்கும், சொற்றவறாமையையும் குறிக்கும். இருபொருளும் ஒருங்கே பொருந்திய பெயர் இதனினும் வேறு வாய்த்தலரிது. இக்கூட்டுறவுணர்ச்சி கடனோடு நில்லாது, 1930களில் மூளாயிலே ஒரு கூட்டுறவு வைத்தியசாலையாகவும் மலர்ந்தது. பிற்காலத்திற் பண்டசாலைப் பணியே கூட்டுறவென எண்ணப்பட்டபோது கடனுதவிச் சங்கங்கள் பல உறங்கின. 1978 தொடக்கம் கிரிவந்தெனிய அவர்கள் தலைமையில் அவை சணச என்னும் இயக்கமாக மீண்டும் விழித்தெழுந்தன.

இவ்வரலாற்றை இன்று நினைவுகூர்தற்கு வலுவான காரணமுண்டு. 2009இல் யுத்தம் முடிவுற்றபின் வட கிழக்கிலே நிதி நிறுவனங்கள் பல கிளைபரப்பின. நுண்கடன் என்னும் பெயரால், ஈடு கேளாது, ஐவரோ பலரோ கூடிய பெண்கள் குழுவின் ஒருவர்க்கொருவரான பிணையின்பேரிற் கடன் வழங்கப்பட்டது. கணவனை இழந்து குடும்பத்தைத் தாமே தாங்கிய பெண்களுக்கு அது முதலில் ஒரு கைகொடுப்பாகவே தோன்றியது. ஆயின் வரவு போகந்தோறும் வர, தவணையோ கிழமைதோறும் வந்தது. ஒரு நிறுவனத்தின் தவணைக்கு மற்றொன்றிற் கடன், அதற்கு இன்னொன்றிற் கடன் எனச் சுமை ஏறிற்று. பிணைநின்ற அயலவளே கடன்கேட்டு வாசலில் நிற்க, ஊருறவு முறிந்தது. உயிரை மாய்த்துக்கொண்டோரும் உளர். 2018ஆம் ஆண்டில் அரசாங்கம், வறட்சியுற்ற 12 மாவட்டங்களிலே பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபாவிற்குட்பட்ட நிலுவைக் கடன்களை நீக்க முன்வந்தது. அது வேண்டிய உதவியே. எனினும், பழைய ஏடு கிழிந்தபின் அடுத்த போகத்திற்கு விதைவெங்காயம் வாங்கப் பணமெங்கே என்ற வினா அவ்வாறே நின்றது. சேமிப்பில்லாத வீட்டிற்கு நீக்கப்பட்ட கடன் மறுவாசலால் நுழைதல் இயல்பு.

இவ்விடத்து ஒரு கணக்கை நோக்குதல் நன்று. ஒருத்தி 50,000 ரூபாவை நூற்றுக்கு 24 வீத வட்டிக்கு ஓராண்டுத் தவணையிற் பெறுகின்றாள் எனக் கொள்வோம். முழுத்தொகைக்கும் முழுவாண்டுக்கும் வட்டி கணித்தால் வட்டி 12,000 ரூபா. மொத்தம் 62,000 ரூபா. 52 கிழமைக்குப் பகிர்ந்தாற் கிழமைக்கு ஏறத்தாழ 1,192 ரூபா. வீதம் 24 என்பதே அவள் அறிந்தது. ஆனால் முதல் கிழமைதோறும் குறைந்துகொண்டே போகின்றது. ஆண்டின் நடுவில் அவள் கையில் எஞ்சுவது பாதியளவே. கையில் இல்லாத முதலுக்கும் வட்டி கட்டுகின்றாள் என்க. ஆகவே உண்மை வீதம் 40ஐயுங் கடந்து நிற்கும். இனி, அதே 50,000 ரூபாவை ஒரு சங்கம் மாதம் நூற்றுக்கு 1 வீதமாக, எஞ்சிய முதலுக்கு மட்டும் வட்டிகணித்து, முதலைப் பன்னிரு சம பங்காகத் திருப்பிப் பெறுமாயின் ஆண்டு முழுவதற்கும் வட்டி 3,250 ரூபாவே. அவ்வட்டியும் ஊரைவிட்டு அகலாது, உறுப்பினரின் பொதுநிதியிலேயே சேரும்.

அத்தகைய பணம் வறியவர் நடுவே எங்கிருந்து வரும் எனில், அதற்கும் கணக்கே விடைதரும். இருபது பெண்கள் கிழமைக்கு 200 ரூபா வீதஞ் சேர்த்தால் ஒரு கிழமைக்கு 4,000 ரூபா; ஓராண்டில் 2,08,000 ரூபா. முதல் ஆறு திங்கள் கடன் கொடாது சேர்த்தல் மட்டும் நடைபெறுதல் நன்று. அதன்பின் தத்தம் சேமிப்பின் இருமடங்கு அல்லது மும்மடங்கு என எல்லை வகுத்து, கடனின் நோக்கத்தைக் கூட்டத்தில் எல்லாருமறியக் கூறிப் பெறுதல் வேண்டும். போகத்தால் வாழ்பவளுக்குப் போக முடிவிலும், நாட்கூலியால் வாழ்பவளுக்குக் கிழமையிலும் எனத் தவணை வரவையொட்டி அமைதல் வேண்டும். 1991இல் ஆபிரிக்காவின் நைஜர் நாட்டிலே கெயார் நிறுவனத்தின் துணையோடு தோன்றிய மகளிர் சேமிப்புக் குழுக்களும், வெளிப்பணத்தை நாடாது உறுப்பினரின் சேமிப்பையே கடனாக வழங்கின. அம்முறை பரவிய இடங்களிற் பணப்பெட்டிக்கு மூன்று பூட்டும், திறப்புகள் மூவர் கையிலுமாக இருத்தல் வழக்கமாயிற்று. நம்பிக்கையைக் காப்பது பூட்டும் ஏடுமே என்பதை இது காட்டுகின்றது.

பணத்தைக் கையாளும் அறிவு விரிவுரையினால் மட்டும் வருவதன்று. நீந்துதல்போல இறங்கிப் பழகி வருவது. சங்கத்திலே கைவைப்பேட்டில் தன் பெயருக்கெதிரே இலக்கத்தைப் பார்ப்பவள் வரவு செலவு எழுதக் கற்கின்றாள். தான் கொடுத்த பணத்தைப் பிறள் கடனாகப் பெறும்போது வட்டியின் இருபக்கத்தையும் அறிகின்றாள். கடைமுதலையும் வீட்டுச் செலவையும் வேறாக வைக்கின்றாள். பாடசாலைத் தவணைத் தொடக்கம், கோயிற் கொடியேற்றம், பிள்ளையின் சாமத்தியச் சடங்கு என வருமெனத் தெரிந்த செலவுகளுக்கு முன்கூட்டியே ஒதுக்குகின்றாள். வாசிக்காத பத்திரத்திற் கையொப்பமிடேன் என்று மறுக்குந் துணிவும் அவளுக்கு வருகின்றது. இத்துணிவு சேமிப்பினும் பெரிய செல்வமாகும்.

இம்முறைக்கு இடையூறில்லையென யாம் கூறவில்லை. 2022இல் எம் நாட்டு விலைவாசி ஏறிய வேகத்தில், முட்டியிற் கிடந்த காசு பெருமளவு வலுவிழந்தது. அவ்வாண்டு செப்தெம்பரிற் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டி முந்திய ஆண்டினும் ஏறத்தாழ நூற்றுக்கு 70 வீதம் உயர்ந்திருந்தது. எந்தச் சங்கமும் அத்தகைய வெள்ளத்தை முற்றாகத் தடுக்கவல்லதன்று. ஆயினும் சங்கப் பணம் உறங்குவதில்லை. வலையாகவும் விதையாகவும் தையற்பொறியாகவும் மாறி உழைக்கின்றது. இன்னோர் இடையூறு சங்கத்தின் உள்ளிருந்தே வருவது. செல்வாக்குடையார் கடனைக் கட்டாதுவிடின் எளியோருங் கட்டார். செயலாளரும் தனாதிகாரியும் ஒருவரேயாயின் ஏடு இருளும். ஆண்டுதோறும் வெளியார் கணக்காய்வும், பதவிகளை முறைமாற்றி ஏற்றலும் இதற்கு மருந்தாம்.

இங்கேதான் கல்லூரியின் கடமை தொடங்குகின்றது. ஏடெழுதத் தெரிந்த ஒருவர் இல்லாமையாற் சங்கம் தளர்தல் உண்டு. வர்த்தகம் பயிலும் மேல்வகுப்பு மாணவர் இருவர் மாதம் ஒருமுறை அயற்கிராமச் சங்கத்தின் கணக்கைச் சரிபார்ப்பாராயின், அவர் பாடமும் தெளியும், ஊரும் பயன்பெறும். கணித ஆசிரியர்கள் வட்டிப் பாடத்திலே மேற்கூறிய இருவகைக் கணிப்பையும் ஒப்பிட்டுக் காட்டலாம். அம்மாணவன் வீடுசென்று தாயின் கடனட்டையை வாசிக்க அதுவே போதும். கடல்கடந்து வாழும் பழைய மாணவர்கள் அனுப்பும் உதவி, தனித்தனிக் குடும்பங்களுக்குப் பகிரப்பட்டு மறைவதினும், ஊரார் தாமே சேர்த்த தொகைக்கு ஈடாகச் சங்கத்தின் நிலைநிதியிற் சேருமாயின் நின்று பயன்தரும். கொடையாளி முன்னும் ஊர் பின்னுமாக அன்றி, ஊர் முன்னும் கொடையாளி பின்னுமாக நிற்றல் வேண்டும் என்பதே ரைபைசன் பட்டறிந்து காட்டிய வழி.

முடிவாகக் கூறுமிடத்து, வறியவர்க்குக் கடன் கொடுத்துச் சேமிக்கச் சொல்லுதல் வேறு. சேமித்ததிலிருந்து கடன் கொடுத்தல் வேறு. முன்னையது தவணைநாளை அச்சத்தோடு எதிர்நோக்கும் வீட்டை உண்டாக்கும். பின்னையது, தன் பெயரிலே ஓரேடும், இடருற்றவிடத்து நாடிச்செல்ல ஓரிடமும் உள்ள வீட்டை உண்டாக்கும். அத்தகைய வீடுகள் ஊர்தோறும் பெருகுதற்குக் கற்றோர் செய்யவேண்டுவது பெரிதொன்றுமில்லை. கிழமைக்கு ஒருமணி நேரமும் நேர்மையான ஒரு பேனாவுமே.