பிள்ளைகள் மன்னிக்கக் கற்றுக்கொள்வது எப்படி?



எழுத்துக் கூட்டி வாசிக்கும் முன்பே நம் பிள்ளைகள் பரமண்டல ஜெபத்தை மனப்பாடமாகச் சொல்லிவிடுகிறார்கள். நமக்குத் தீங்கு செய்தவர்களை மன்னிப்பதும் அந்த ஜெபத்தில் இருக்கிறது. ஆனாலும் குடும்ப ஜெபம் முடிந்த ஐந்தாம் நிமிஷமே அண்ணன் தம்பிக்குள் அடிதடி வந்துவிடுகிறது. இதைப் பக்திக் குறைவு என்று நாம் கடிந்துகொள்ள வேண்டியதில்லை. மன்னிப்பதற்கு வசனம் தெரிந்திருந்தால் மட்டும் போதாது. தன் மனதையும் பிறர் மனதையும் அறியும் பழக்கமும் வேண்டும்.

உணர்வறிவு என்றால் என்ன?

இந்தப் பழக்கத்தை உளவியலாளர்கள் உணர்வறிவு என்கிறார்கள். 1990-ல் அமெரிக்க அறிஞர்களான பீட்டர் சலோவே, ஜான் மேயர் இருவரும் இதை விளக்கினார்கள். தன் உணர்வையும் பிறர் உணர்வையும் இனங்கண்டு, வேறுபடுத்திப் பார்த்து, அதற்கேற்றபடி நடந்துகொள்வதே உணர்வறிவு.

இது வயதோடு வளருகிறது. மற்றவர் நினைப்பது தன் நினைப்பிலிருந்து வேறாக இருக்கக்கூடும் என்பது சுமார் 4 வயதில்தான் பிள்ளைக்கு விளங்கத் தொடங்குகிறது. தெரியாமல் பத்துத் தட்டுகளை உடைத்தவனையே, வேண்டுமென்று ஒன்றை உடைத்தவனைவிடப் பெரிய குற்றவாளியாகச் சிறு பிள்ளைகள் எண்ணுவதுண்டு. செயலுக்குப் பின்னால் இருக்கும் நோக்கத்தைப் பார்ப்பது பிற்பாடுதான் வருகிறது என்று ழான் பியாஜே 1932-லேயே எழுதினார். நோக்கத்தைப் பார்க்கத் தெரியாத வயதில், பெரியவர்களைப் போல் மன்னிக்கும்படி எதிர்பார்ப்பது நியாயமல்ல.

பெல்ஃபாஸ்ட் காட்டும் பாடம்

வட அயர்லாந்தில் சுமார் 30 ஆண்டுகள் நடந்த கலவரங்களில் ஏறத்தாழ 3,500 பேர் மாண்டார்கள். 1998-ல் சமாதான உடன்படிக்கை ஏற்பட்டது. கத்தோலிக்கர், புராட்டஸ்டண்ட் ஆகிய இரு தரப்பாரும் ஆலயத்திற்குச் சென்றவர்களே. இரு தரப்புப் பிள்ளைகளும் அதே ஜெபத்தைக் கற்றவர்களே. ஆனாலும் கசப்பு தலைமுறை தலைமுறையாய்த் தொடர்ந்தது.

2002 முதல் பேராசிரியர் ராபர்ட் என்ரைட்டும் அவருடைய குழுவினரும் பெல்ஃபாஸ்ட் நகரப் பள்ளிகளில் மன்னிப்பைப் பாடமாக அறிமுகப்படுத்தினார்கள். வகுப்பாசிரியர்களே கதைகளைக் கொண்டு அதைக் கற்பித்தார்கள். "மன்னித்துவிடு" என்று அவர்கள் தொடங்கவில்லை. ஒவ்வொரு மனிதனுக்கும் மதிப்பு உண்டு, தவறு செய்தவனுக்கும் அது உண்டு என்பதையே முதலில் கற்பித்தார்கள். இப்பாடத்தைப் படித்த சிறு பிள்ளைகளிடம் கோபம் குறைந்ததாக 2007-ல் வெளியான ஆய்வு தெரிவித்தது.

மன்னிப்பு எது, எது அல்ல?

வேதத்தில் யோசேப்பைப் பாருங்கள்.  தனியே போய் அழுதான். சகோதரர் செய்தது தீமையே என்று வெளிப்படையாகச் சொன்னான். அவர்கள் மனம் மாறியிருக்கிறார்களா என்று சோதித்த பிறகே தன்னை வெளிப்படுத்தினான். ஆகவே மன்னிப்பது என்றால் தீமையை நன்மை என்று சொல்வதல்ல, மறந்துவிடுவதும் அல்ல. மன்னிப்பு ஒருவர் உள்ளத்தில் நடப்பது. ஒப்புரவாகுதலுக்கு இருவரும் வேண்டும்.

இந்த வேறுபாடு பிள்ளையின் பாதுகாப்பையே தொடுகிறது. பெரியவர் ஒருவரால் துன்புறுத்தப்படும் பிள்ளையிடம், "மன்னித்துவிடு, வெளியே சொல்லாதே" என்பது மன்னிப்பைக் கற்பிப்பதல்ல, பாவத்துக்குத் துணைபோவதாகும். பிள்ளைகள் மீதான பாலியல் குற்றத்தை அறிந்தவர்கள் புகார் செய்தே தீரவேண்டும் என்று 2012-ல் இயற்றப்பட்ட போக்சோ சட்டம் கூறுகிறது. 1098 என்ற இலவசத் தொலைபேசி எண்ணிலும் உதவி கிடைக்கும்.

வீட்டிலும் ஓய்வுநாள் பாடசாலையிலும்

1. "கோபப்படாதே" என்று சொல்லுமுன், "உனக்கு என்ன நடந்தது? எப்படி இருந்தது?" என்று கேட்போம். கோபமா, வெட்கமா, பயமா என்று பிள்ளையே பெயர் சொல்லட்டும்.

2. அந்தத் துக்கத்தை ஆண்டவரிடம் அப்படியே சொல்லி ஜெபிக்கப் பழக்குவோம். சங்கீதக்காரனும் தன் முறையீட்டை மறைக்காமல் சொன்னான்.

3. மற்றவன் ஏன் அப்படிச் செய்திருப்பான் என்று யோசிக்க உதவுவோம்.

4. கையைப் பிடித்து இழுத்து வந்து, "மன்னித்தேன் என்று சொல்" எனக் கட்டாயப்படுத்த வேண்டாம். நாளாகட்டும்.

5. நாம் பிள்ளைகளிடம் தவறும்போது, நாமே முதலில் மன்னிப்புக் கேட்போம். பக்தி எப்படிப்பட்டது என்பதைப் பிள்ளைகள் பிரசங்கத்தில் அல்ல, நம்மிடத்தில்தான் பார்க்கிறார்கள்.

காயப்பட்ட மனதோடு நம் நடுவில் வளரும் பிள்ளைகளை இந்த மாதம் உங்கள் ஜெபத்தில் விசேஷமாய் நினைவுகூர அன்போடு வேண்டுகிறோம்.