முதல் தூறல்... ஜாக்கிரதை!

ஜூன் மாதத்தில் ஒரு மாலை நேரம். சென்னையில் பகல் முழுவதும் வெயில் கொளுத்தியது. 6 மணிக்கு வானம் இருண்டது. லேசாகத் தூறல் விழுந்தது.

“அப்பாடா!” என்று எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

அப்போது ஒரு ஸ்கூட்டர் வந்தது. ஓட்டியவர் ஓர் இளைஞர். பின்னால் அவருடைய மனைவி. நடுவில் 5 வயதுச் சிறுமி. வேகம் அதிகம் இல்லை. முன்னால் போன ஆட்டோ நின்றது. இளைஞர் பிரேக்கை அழுத்தினார். அவ்வளவுதான்! ஸ்கூட்டர் சர்ரென்று வழுக்கியது. மூவரும் ரோட்டில் விழுந்தார்கள்.

பின்னால் ஒரு பஸ் வந்துகொண்டிருந்தது. நல்ல வேளை, டிரைவர் போதிய இடைவெளி விட்டு வந்தார். பஸ் நின்றுவிட்டது. சிறுமிக்கு முழங்கையில் சிராய்ப்பு. வேறு காயம் இல்லை.

நானும் ஓடிப்போய் ஸ்கூட்டரைத் தூக்கிவிட்டேன்.

“மழையே பெய்யவில்லையே, சார்! இரண்டு சொட்டுதானே விழுந்தது!” என்றார் இளைஞர்.

அந்த இரண்டு சொட்டில்தான் ஆபத்து இருக்கிறது.

எண்ணெய்க் குழம்பு

கோடை முழுவதும் வண்டிகளில் இருந்து ரோட்டில் எண்ணெய் சொட்டுகிறது. டயர் தேய்ந்து ரப்பர் தூள் உதிர்கிறது. அதன் மேல் புழுதி படிகிறது. காய்ந்து கிடக்கும்வரை ஒன்றும் தெரியாது. தூறல் விழுந்ததும் எல்லாம் சேர்ந்து குழம்பு போல ஆகிவிடும்.

துணி துவைக்கும் கல்லில் சோப்பு நுரை இருக்கிறது. அதில் கால் வைத்தால் என்ன ஆகும்? டயருக்கும் அதே கதிதான்!

பலத்த மழை கொஞ்ச நேரம் பெய்தால், இந்தக் குழம்பைக் கழுவிக்கொண்டு போய்விடும். ஆகவே, தூறல் தொடங்கியதும் ஓரமாக ஒதுங்கி ஒரு டீ குடியுங்கள். அது வீண் செலவு அல்ல.

ரோட்டில் போட்ட வெள்ளைக் கோடு, பாதாளச் சாக்கடை மூடி, இரும்புத் தகடு ஆகியவை நனைந்தால் இன்னும் மோசம். அவற்றின் மேல் பிரேக் போடக்கூடாது. வண்டியைச் சாய்த்துத் திருப்பவும் கூடாது.

உள்ளங்கை அளவு

கார் பெரிதாக இருக்கிறது. ஆனால் ஒரு டயர் ரோட்டைத் தொடும் இடம் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவுதான். ஸ்கூட்டருக்கு அதைவிடக் குறைவு. நம் உயிர் அந்த இடத்தில் இருக்கிறது!

டயரில் பள்ளம் பள்ளமாகக் கோடுகள் இருக்கின்றனவே, அவை அழகுக்கு அல்ல. அடியில் உள்ள தண்ணீர் ஓடிப்போக அவைதான் வாய்க்கால். வாய்க்கால் தூர்ந்தால் தண்ணீர் எங்கே போகும்? காருக்கு இந்தப் பள்ளம் 1.6 மில்லி மீட்டருக்குக் குறையக்கூடாது என்பது சட்டம். ஸ்கூட்டர், மோட்டார் சைக்கிளுக்கு 0.8 மில்லி மீட்டர்.

இதை அளக்கக் கருவி வேண்டாம். பள்ளத்துக்குள் குறுக்கே சிறு ரப்பர் மேடுகள் இருக்கும். டயர் தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால், அதன் ஆயுள் முடிந்தது.

மிதக்கும் கார்

1960-களில் அமெரிக்காவின் நாசா நிறுவனம் இதை ஆராய்ந்தது. மழையில் இறங்கும் விமானங்கள் ஓடுபாதையில் சறுக்கின. ஏன்? வேகமாக உருளும் சக்கரத்துக்கு முன்னால் தண்ணீர் விலக நேரம் இல்லை. அது டயருக்கு அடியில் புகுந்து டயரையே தூக்கிவிடுகிறது! ஓடுபாதையில் வரிவரியாகப் பள்ளம் வெட்டித் தண்ணீரை வடியவைத்தார்கள்.

தண்ணீர் தேங்கிய ரோட்டில், காரும் மணிக்கு 90 கிலோ மீட்டர் வேகத்தை நெருங்கும்போது இப்படி மிதக்கலாம். டயர் தேய்ந்திருந்தாலோ, காற்று குறைந்திருந்தாலோ அதற்கு முன்பே மிதக்கும். அப்போது பிரேக்கை மிதிக்காதீர்கள். ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுங்கள். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொள்ளுங்கள். வேகம் குறைந்ததும் டயர் மறுபடி ரோட்டைப் பிடிக்கும்.

நாலு எண்ணுங்கள்

மணிக்கு 60 கிலோ மீட்டர் வேகத்தில் போகும் வண்டி, ஒரு வினாடியில் 16 மீட்டருக்கு மேல் ஓடிவிடும். நீங்கள் “ஐயோ!” என்பதற்குள் அவ்வளவு தூரம்!

முன்னால் போகும் வண்டி ஒரு விளக்குக் கம்பத்தைத் தாண்டட்டும். அந்தக் கம்பத்துக்கு நீங்கள் வந்து சேர எத்தனை வினாடி ஆகிறது என்று எண்ணுங்கள். காய்ந்த ரோட்டில் 2 வினாடி போதும். ஈர ரோட்டில் 4 வேண்டும். அந்த பஸ் டிரைவர் இந்தக் கணக்கைப் படித்தாரோ, பழக்கத்தில் கற்றாரோ தெரியாது.

சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் இறங்கவேண்டாம். ஆழம் தெரியாது. ஓடும் தண்ணீர் ஓர் அடி இருந்தாலே சிறிய காரை இழுத்துவிடும். ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து குடை பிடிப்பதும் வேண்டாம், தாய்மார்களே! காற்று குடையில் புகுந்தால் வண்டியே தடுமாறும்.

இளைஞரின் ஸ்கூட்டருக்கு வருவோம். பின் டயரைத் தடவிப் பார்த்தேன். மொட்டைத் தலை போல வழவழவென்று இருந்தது.

“தெரியும், சார். சம்பளம் வந்ததும் மாற்றலாம் என்று இருந்தேன்” என்றார்.

அவர் மனைவி குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்.

“மாற்றுங்கள். அதுவரை நானும் பாப்பாவும் பஸ்சில் வருகிறோம்” என்று சொல்லிவிட்டு, பஸ் ஸ்டாப்பை நோக்கி நடந்தார்.