ஒரே வினாத்தாள், ஒரே மாவட்டம்

இலங்கையில் அரச பல்கலைக்கழகங்களின் கதவைத் திறப்பது க.பொ.த. உயர்தரப் பரீட்சை. மூன்று முதன்மைப் பாடங்களோடு பொது ஆங்கிலமும், குறைந்தது 30 புள்ளி பெற்றாக வேண்டிய பொதுச் சாதாரணப் பரீட்சையும் சேர்ந்த இப்பரீட்சையில் மும்மொழி மூல மாணவரும் ஒரே நாளில், ஒரே வினாக்களுக்கு விடை எழுதுகின்றனர்.

விஞ்ஞானப் பாடமொன்றின் முதற்பத்திரத்தில் ஐந்து விடைகளில் ஒன்றைத் தெரிவுசெய்யும் 50 பல்தேர்வு வினாக்கள் இரண்டு மணித்தியாலத்துக்கு இருக்கும். மூன்று மணித்தியால இரண்டாம் பத்திரத்திலோ, வினாத்தாளிலேயே விட்டிருக்கும் இடத்தில் விடையெழுத வேண்டிய அமைப்புக் கட்டுரை வினாக்களும் விரிவான கட்டுரை வினாக்களும் வரும். செய்முறைப் பரீட்சை இல்லாத பௌதிகவியலில் ஆய்வுகூடச் சோதனைகளை ஒட்டிய கேள்விகள் இந்த அமைப்புக் கட்டுரைப் பகுதியில்தான் கேட்கப்படுகின்றன. ஆகவே, வேணியர் இடுக்கிமானியைக் கையிலெடுத்து அளந்து பழகிய பிள்ளையும் அதைப் பாடநூற் படத்தில் மட்டும் கண்ட தோட்டப்புறப் பிள்ளையும் அதே வினாவுக்கு, அதே நேரத்துக்குள் விடை எழுத நேர்கிறது. பரீட்சையின் வடிவம் எல்லோருக்கும் பொதுவானது என்பது நியாயத்தின் பாதிதான்.

பல்கலைக்கழக அனுமதிக்கு 2001 முதல் நடைமுறையிலுள்ள இசட் புள்ளி, மாணவர் பெற்ற புள்ளியிலிருந்து அப்பாடத்தின் சராசரியைக் கழித்து, புள்ளிகள் எவ்வளவு பரந்திருக்கின்றன என்பதைக் காட்டும் நியம விலகலால் வகுத்துப் பெறப்படுவதாகும். கடினமான பாடத்தையும் எளிதான பாடத்தையும் ஒப்பிட அது உதவுமேயன்றி, ஆய்வுகூடம் இல்லாத பாடசாலையை அதனால் அடையாளங்காண முடியாது. அந்த வேலை மாவட்ட ஒதுக்கீட்டிடம் விடப்பட்டிருக்கிறது: கலை போன்ற சில நெறிகள் நீங்கலாக, 40 சதவீத இடங்கள் அகில இலங்கைத் திறமைக்கும், 55 சதவீதம் மாவட்ட மக்கள்தொகைக்கும், 5 சதவீதம் கல்வியிற் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் உரியவை. இரத்தினபுரி அந்தப் பதினாறில் ஒன்று. பக்கத்திலுள்ள கேகாலை அதில் இல்லை.

எனினும் மாவட்டம் என்பது மிகப் பெரிய அலகு. இரத்தினபுரி நகரத்து முன்னணிப் பாடசாலை மாணவரும், இறக்குவானை, காவத்தை, பலாங்கொடைப் பகுதித் தோட்டங்களின் லயன் குடியிருப்புகளிலிருந்து வரும் மாணவரும், அனுமதிக்குத் தேவையான குறைந்தபட்ச இசட் புள்ளியாகிய ஒரே வெட்டுப்புள்ளியை எட்டப் போட்டியிடுகின்றனர். சலுகை மாவட்டத்துக்குக் கிடைக்கிறது, அதற்குள்ளிருக்கும் பள்ளம் அப்படியே கிடக்கிறது. தமிழ்மொழி மூலம் உயர்தர விஞ்ஞானப் பிரிவு நடத்தும் பாடசாலைகள் இங்கு மிகச் சிலவே என்பதால், வசதி தேடிக்கொள்ள முடிந்த பெற்றோர் பிள்ளையை வெளிமாவட்டத்துக்கு அனுப்புகின்றனர். ஆனால், ஒதுக்கீட்டுக்குரிய மாவட்டம் பரீட்சைக்கு முந்திய மூன்றாண்டுகளில் படித்த பாடசாலையைக் கொண்டே தீர்மானிக்கப்படுகிறது. ஆகவே, உயிரியல் படிக்கவென்று அக்காலத்தின் பெரும்பகுதியைக் கண்டியில் கழிக்கும் பலாங்கொடைத் தோட்டத்துப் பிள்ளை, இரத்தினபுரியின் வெட்டுப்புள்ளியை விட்டுக் கண்டி மாணவர்களோடு அந்த மாவட்டத்து இடங்களுக்கே போட்டியிட வேண்டியிருக்கிறது.