ஆட்டு ரோமத்தினின்று முரட்டு மயிரைப் பிரித்தல்

புதுக்கோட்டை ஜில்லாவில் மழை பொய்த்த ஆண்டில் மானாவாரிக் குடியானவர்க்குக் கைகொடுப்பது ஆட்டுமந்தையே என்பது யாவரும் அறிந்த விஷயம். கிடை எருவுக்கும் கறிக்கும் உள்ள மதிப்பு ரோமத்திற்கு இல்லை. பலவிடங்களில் கத்தரித்த ரோமம் குப்பையில் எறியப்படுகிறது. இதற்குரிய காரணங்களுள் ஒன்று, மென்ரோமத்துடன் முரட்டு மயிர் கலந்திருத்தலாகும்.

முரட்டு மயிர் தடித்தது, சுருளாதது, உள்ளே நெட்டி போன்ற துளையுள்ளது. சாயம் இதில் வெளிறித் தோன்றும். 30 மைக்ரானுக்கு மேற்பட்ட பருமனுள்ள மயிர் மிகுந்தால் துணி உடலைக் குத்தும். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் 1,000-இல் ஒரு பங்கு.

தென்னமெரிக்காவிலுள்ள பெரு, பொலிவியா நாடுகளில் லாமாவின் மேல்மயிரை நீக்கி, அடிரோமத்தையே மெல்லிய துணிக்குக் கொள்வர். அல்பாக்காவில் முரட்டு மயிர் குறைவு. நம் தேசத்தில் லடாக்கின் சாங்தாங்கி வெள்ளாட்டினின்று சீவி எடுக்கும் பஷ்மினா 12 முதல் 15 மைக்ரான் பருமனுள்ளது. பிரிக்கும்போது பாதிக்கு மேற்பட்ட எடை கழியினும், எஞ்சியதன் விலை அந்நஷ்டத்தை ஈடுசெய்கிறது.

நம் அண்டைப் பிரதேசமாகிய திருச்சிராப்பள்ளியின் கருங்குரும்பை ஆட்டு ரோமம் முரடானது. எவ்வளவு பிரித்தாலும் அது பஷ்மினா ஆகாது என்பதை முதலிலேயே உணர்தல் வேண்டும். ஆயினும் குறும்பர் நெய்யும் கம்பளிக்கும், ஜமக்காளம் போன்ற விரிப்புகளுக்கும் சீராகப் பிரித்த ரோமமே ஏற்றது.

செய்முறை பின்வருமாறு:

1. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கத்தரித்தல் ஆகாது. வெயில் நாளில் ஆட்டைக் குளிப்பாட்டி, நன்கு உலர்ந்தபின் சுத்தமான தரையில் கத்தரிக்கவும்.

2. ஒரே இடத்தில் கத்தரியை இருமுறை ஓட்டலாகாது. அதனால் விழும் துண்டு ரோமம் நூற்புக்கு உதவாது.

3. தோள், விலா ஆகியவற்றின் ரோமத்தைத் தனியே வைக்கவும். தொடை, வயிறு, கால், தலை ஆகியவற்றினது முரடாகையால் அதனுடன் சேர்க்கலாகாது. நிறங்களையும் பிரிக்கவும்.

4. ஒரு கற்றையின் அடியை இடக்கையால் இறுகப் பற்றி, நுனியில் நீண்டு நிற்கும் மயிர்களை வலக்கை விரல்களால் உருவவும். பிறகு இரும்புப்பல் சீப்பால் சீவவும்.

5. வெதுவெதுப்பான பூந்திக்கொட்டை நீரில் கசக்காமல் அலசி, நிழலில் உலர்த்தவும். கசக்கினால் ரோமம் திரண்டு கட்டியாகும்.

கழிந்த மயிரும் வீணன்று. கயிறு திரிக்கலாம், அதற்கும் உதவாததைத் தென்னையின் அடியில் புதைத்தால் ஈரத்தைக் காத்து, மெல்ல மக்கித் தழைச்சத்தும் அளிக்கும்.

முழு மந்தையிலும் ஒருங்கே இவ்வேலையைத் தொடங்க வேண்டாம். ஓர் ஆட்டின் ரோமத்தைப் பிரிப்பதற்கு முன்னும் பின்னும் நிறுத்து, செலவான நேரத்தையும் குறித்து, வாங்குவோரிடம் இரண்டிற்கும் விலை கேட்கவும். விலையின் ஏற்றம் கழிந்த எடைக்கும் கூலிக்கும் ஈடாகாவிடில், மூன்றாம் படியுடன் நிறுத்துவதே விவேகம். அதற்குக் கூலி அதிகமில்லை. ஆதாயமோ நிச்சயம் குறைவுபடாது. மென்ரோமம் மிகுந்த கிடாவை இனவிருத்திக்கு நிறுத்தினால், அடுத்த தலைமுறையில் பிரிக்கும் வேலையே குறையும்.