ஏரிச் சேற்றில் கிடக்கும் எரு: வயலுக்கா, வானத்துக்கா?

பங்குனி மாதத்தில் ஏரி நீர் முழங்கால் அளவுக்கு இறங்கிய பின், மாடுகளைத் தண்ணீர் காட்ட ஓட்டிச் செல்பவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். மாடு கால் வைக்கும் இடமெல்லாம் சேற்றிலிருந்து குமிழிகள் கொத்துக் கொத்தாக மேலே வரும். சேறு கறுத்திருக்கும், அழுகிய முட்டையின் வாடையும் வீசும். "சேற்றுக் காற்று" என்று சொல்லி எல்லோரும் கடந்து போகிறார்கள். ஆனால் அந்தக் குமிழிகளில் வெளியேறுவது, வயலுக்கு எருவாக வந்திருக்க வேண்டிய கரிமச் சத்தின் ஒரு பகுதியாகும்.

காஞ்சிபுரத்தையும் செங்கற்பட்டையும் ஏரிகள் நிறைந்த மாவட்டங்கள் என்று சொல்வது வழக்கம். தென்னேரி, உத்திரமேரூர், மணிமங்கலம் போன்ற பெரிய ஏரிகளும் எண்ணற்ற சிற்றேரிகளும் இப்பகுதி நெல் சாகுபடிக்கு உயிர்நாடி. ஆகவே ஏரிக்குள் கரிமம் எப்படிச் சுழல்கிறது என்பதை இங்குள்ள சிறு விவசாயிகள் அறிந்துகொள்வது பயனுள்ளது.

கரிமம் ஏரிக்கு வரும் வழி

பயிரும் மரமும் புல்லும் காற்றிலுள்ள கரியமில வாயுவை எடுத்துத் தங்கள் உடலைக் கட்டிக்கொள்கின்றன. இலைச் சருகு, வைக்கோல் துண்டு, சாணம், மேல் மண் ஆகியவை ஐப்பசி, கார்த்திகை மழையில் அடித்து வரப்பட்டு ஏரியின் அடியில் படிகின்றன. ஏரியிலேயே வளரும் பாசி, ஆகாயத்தாமரை, நெய்வேலிக் காட்டாமணக்கு ஆகியவையும் மடிந்து அதே இடத்தில் சேர்கின்றன.

நீரின் மேற்பகுதியில் பிராண வாயு கரைந்திருக்கும். அங்கே மட்கும் பொருள் கரியமில வாயுவாக மாறுகிறது. சேற்றுக்குள் விரற்கடை ஆழம் சென்றாலே பிராண வாயு இராது. அங்கே பிராண வாயு இல்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் கரிமப் பொருளைச் சிதைத்து மீத்தேன் வாயுவை உண்டாக்குகின்றன.

இது விவசாயிகளுக்குப் புதிய வாயு அன்று. சாண எரிவாயுக் கலனில் அடுப்பு எரிக்கக் கிடைப்பதும் இதே மீத்தேன்தான். கலனில் வாயுவைப் பிடித்துவைக்க மூடி உண்டு. ஏரிக்கு மூடி இல்லை. அவ்வளவுதான் வேறுபாடு.

இத்தாலி நாட்டு விஞ்ஞானி அலெசாண்ட்ரோ வோல்டா 1776-ஆம் ஆண்டு மாஜோரே ஏரியின் கரையோரச் சேற்றைக் கழியால் கிளறி, எழுந்த குமிழிகளைப் பாட்டிலில் பிடித்துக் கொளுத்திப் பார்த்தார். அது எரிந்தது. மீத்தேன் வாயுவை முதன்முதலில் இனங்கண்டவர் அவரே.

குளிர் நாட்டு ஏரியும் நம் ஏரியும்

சைபீரியா, அலாஸ்கா போன்ற கடுங்குளிர்ப் பகுதிகளில் நிலத்தடி மண் ஆண்டு முழுவதும் உறைந்தே கிடக்கிறது. வட பகுதிகளின் உறைமண்ணில் புதைந்துள்ள கரிமம், காற்று மண்டலத்தில் இருப்பதைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. பூமி வெப்பம் கூடுவதால் இம்மண் உருகிப் புதிய ஏரிகள் தோன்றுகின்றன. அவற்றின் அடியிலிருந்து எழும் மீத்தேன் குமிழிகள் குளிர்காலத்தில் மேலே உள்ள பனிக்கட்டியில் வெள்ளை வட்டங்களாகச் சிக்கிக்கொள்கின்றன. பனியில் துளையிட்டுத் தீக்குச்சி காட்டினால் சுவாலை எழுகிறது. வசந்த காலத்தில் பனி உருகும்போது சிக்கிய வாயு வெளியேறிவிடுகிறது.

காஞ்சிபுரத்தில் பனிக்கட்டி மூடி கிடையாது. குளிர்ந்த நீரில் அழுகல் மெதுவாக நடக்கும். வெப்பம் 10 டிகிரி உயர்ந்தால் மீத்தேன் உண்டாகும் வேகம் இரண்டு மடங்குக்கும் மேலாகலாம். நம் ஏரிகள் ஆழம் குறைந்தவை, வெயிலில் சூடேறுபவை. ஆழமான ஏரியில் மீத்தேன் மேலே வருவதற்குள் அதில் ஒரு பகுதியை வேறு நுண்ணுயிர்கள் உண்டு கரியமில வாயுவாக்கிவிடும். முழங்கால் ஆழ நீரில் குமிழி நேரே காற்றில் கலந்துவிடுகிறது.

நூறு ஆண்டுக் கணக்கில் பார்த்தால், ஒரு கிலோ மீத்தேன் ஒரு கிலோ கரியமில வாயுவைவிடச் சுமார் 28 மடங்கு அதிகமாகப் பூமியைச் சூடாக்குகிறது. பூமி சூடேறினால் மழை காலம் தவறிப் பெய்கிறது. பெய்தால் ஒரேயடியாகக் கொட்டுகிறது. ஏரிப் பாசன விவசாயிக்கு இதைவிடப் பெரிய இழப்பு வேறில்லை.

அத்தி மரம் சொல்லும் செய்தி

காஞ்சிபுரம் வரதராசப் பெருமாள் கோயிலின் அனந்தசரசுத் திருக்குளத்தில் அத்தி மரத்தாலான பெருமாள் திருமேனி வைக்கப்பட்டுள்ளது. 40 ஆண்டுகளுக்கு ஒருமுறை வெளியே எழுந்தருளச் செய்கிறார்கள். 1979-இலும், பிறகு 2019-இலும் மக்கள் திரள் திரளாகச் சென்று தரிசித்தார்கள். இது பக்தியின் பாற்பட்டது. மரத்தைப் பற்றி மட்டும் விஞ்ஞானம் சொல்வது உண்டு. மரத்தை உளுக்கச் செய்யும் பூஞ்சணங்களுக்குக் காற்று வேண்டும். முழுக்க நீரில் மூழ்கிய மரத்துக்குள் காற்றுப் புகாததால் அவை பிழைப்பதில்லை. மரத்தின் கெட்டியான நாரும் காற்றில்லாத இடத்தில் எளிதில் சிதைவதில்லை.

ஏரி வண்டலிலும் இதே கதைதான். சாணம், பசுந்தழை போன்ற மெல்லிய பொருள் சீக்கிரம் அழுகி மீத்தேனாகிறது. நாரும் களிமண்ணோடு ஒட்டிய கரிமமும் தங்கிவிடுகின்றன. ஆண்டாண்டாகப் படிந்த வண்டல் வயலுக்கு உரமாவது இதனால்தான்.

வண்டலை என்ன செய்யலாம்?

வண்டலை ஏரியிலேயே விட்டால் இரண்டு நஷ்டம். ஏரியின் கொள்ளளவு குறைகிறது. கரிமத்தின் ஒரு பகுதி மீத்தேனாகப் போகிறது. கோடையில் எடுத்து வயலில் இட்டால், மணற்பாங்கான நிலம் ஈரத்தை அதிக நாள் பிடித்துவைக்கும். அங்கேயும் கரிமம் மெல்ல மட்கத்தான் செய்யும். ஆனால் காற்றோட்டமுள்ள நிலத்தில் அது பெரும்பாலும் கரியமில வாயுவாகவே மாறும். அதற்குள் பயிருக்கும் பயன்பட்டுவிடும். ஆகவே புன்செய்க்கு இடுவது மிகவும் நல்லது. நன்செய்க்கு இடுவோர் கோடை உழவின்போதே இட்டுக் காய விட வேண்டும்.

வண்டல் எடுக்கும் முன் மூன்று செய்திகளை மனத்தில் கொள்ள வேண்டும். முதலாவது, வட்டாட்சியர் அலுவலகத்தில் விசாரித்து முறைப்படி அனுமதி பெற வேண்டும். இரண்டாவது, வண்டலை மட்டுமே வழிக்க வேண்டும். அடியிலுள்ள பழைய களிமண்ணைத் தோண்டினால் ஏரி நீர் கசிந்து இறங்கிவிடும்; கரையின் அடிவாரத்தைத் தோண்டினால் கரையே சரியும். மூன்றாவது, வண்டலை மண் பரிசோதனை நிலையத்துக்கு அனுப்பி உப்பு, களர் தன்மையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஊர்ச் சாக்கடையோ சாயக் கழிவோ சேரும் ஏரியானால் பரிசோதிக்காமல் ஒரு வண்டி மண்கூட எடுக்கக் கூடாது. பட்டு நூலை அவித்துப் பசை நீக்கிய நீரிலும் கரிமப் பொருள் மிகுதி. அது ஏரியில் கலந்தால் நீரிலுள்ள பிராண வாயு தீர்ந்து மீத்தேன் கூடும்.

ஆகாயத்தாமரையை மழைக்கு முன்பே வாரிக் கரையேற்றி, சாணக் கரைசல் தெளித்து மட்க வைத்தால் நல்ல தொழு உரம். அவ்வப்போது குவியலைப் புரட்டிக் காற்றோட்டம் தர வேண்டும். நீரிலேயே அழுகவிட்டால் அவ்வளவும் வீண்.

வயலும் ஒரு சிற்றேரியே

ஏரி அடியில் நடப்பது, நீர் நிறுத்திய நெல் வயலிலும் நடக்கிறது. நெற்பயிரின் தண்டு உள்ளே துளையுள்ளதால், சேற்றில் உண்டாகும் மீத்தேன் அதன் வழியாகவே வெளியேறுகிறது. இதைக் குறைக்கக் காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் விடும் முறை உதவுகிறது. மீத்தேன் ஏறத்தாழ பாதி வரை குறைவதாகப் பிலிப்பைன்சிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் கூறுகிறது.

செய்முறை எளிது. ஓர் அடி நீளமும் நான்கு முதல் ஆறு அங்குல அகலமும் உள்ள பிளாஸ்டிக் குழாயின் கீழ்ப் பாதியில் சுற்றிலும் துளையிட்டு, அந்தப் பகுதி மண்ணுக்குள் இருக்குமாறு வயலில் பதிக்க வேண்டும். குழாய்க்குள் உள்ள மண்ணை எடுத்துவிட வேண்டும். நடவு செய்து இரண்டு வாரம் சென்றபின், குழாயில் நீர் மண் மட்டத்துக்குக் கீழே அரை அடி இறங்கியதும் இரண்டு அங்குல உயரத்துக்கு நீர் கட்டினால் போதும். பூக்கும் தருணத்தில் மட்டும் வயலில் நீர் குறையக் கூடாது. களை அதிகம் உள்ள வயலில் களையெடுத்த பின்னரே காய விட வேண்டும். காய்ந்த வயலில் யூரியாவை ஒரேயடியாக இட்டால் நைட்ரஸ் ஆக்சைடு என்னும் வேறொரு வாயு கூடும். அது மீத்தேனைவிடப் பன்மடங்கு வெப்பம் தருவது. ஆகவே யூரியாவைப் பிரித்து இடுவதே நல்லது. தொழு உரமானால் நன்கு மட்கியதை மட்டும் இட வேண்டும்.

இதில் விவசாயிக்கு நேரடி லாபம் தண்ணீரே. நவரைப் பயிர் கதிர் பால் பிடிக்கும்போது ஏரி வற்றி, கடைமடை காய்ந்துபோவது பல ஊர்களில் பழகிப்போன துயரம். முன்னால் மிச்சப்படுத்திய ஒரு தண்ணீர் அப்போது கடைமடைக்குக் கிடைத்தால், விளைச்சல் காப்பாற்றப்படும். ஆனால் மடைத்தலையில் இருப்பவர் மட்டும் செய்தோ கடைமடையில் இருப்பவர் மட்டும் செய்தோ பயனில்லை. ஆயக்கட்டுக்காரர்கள் கூடி முறை வைத்துக்கொள்ள வேண்டும்.

இதற்கு வெளியூர் சென்று பாடம் கற்க வேண்டியதில்லை. முதலாம் பராந்தகச் சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், ஏரி வாரியத்துக்குக் குடவோலை முறையில் உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்ததைச் சொல்கின்றன. 2017-ஆம் ஆண்டு குடிமராமத்துத் திட்டம் தொடங்கப்பட்டதும் இதே வட்டாரத்து மணிமங்கலத்தில்தான். வரும் சித்திரையில் ஏரி வற்றியதும், ஊர்க் கூட்டத்தில் வண்டல், ஆகாயத்தாமரை, நீர் முறை ஆகிய மூன்றையும் பேசி முடிவெடுப்பது நல்லது. மழை வந்தபின் பேசிப் பயனில்லை.