மூன்று ஆண்டு ஏற்றம், ஓராண்டில் வீழ்ச்சி

ஸ்காட்லாந்தில், இங்கிலாந்து எல்லையை ஒட்டிய சிற்றூர் கிரெட்னா. மக்கள்தொகை சுமார் 3,000. 1946இல் தொடங்கப்பட்ட அதன் காற்பந்துக் குழு, பல ஆண்டுகள் இங்கிலாந்தின் சிறிய லீக்குகளில் ஆடி வந்தது.

2002இல் ஸ்காட்டிஷ் லீக்கில் இடம் கிடைத்தது. தொழிலதிபர் புரூக்ஸ் மைல்சன் குழுவுக்குப் பணத்தை வாரி இறைத்தார். 2005, 2006, 2007 என மூன்று ஆண்டும் தொடர்ந்து அடுத்த பிரிவுக்கு முன்னேற்றம். 2006 ஸ்காட்டிஷ் கிண்ண இறுதியாட்டத்தில் ஹார்ட்ஸ் குழுவுடன் 1-1 எனச் சமநிலை கண்டு, பெனால்டியில்தான் தோற்றது.

ஆனால் உச்ச லீக்கின் விதிமுறைகளுக்குச் சொந்தத் திடலான ரேடேல் பார்க் போதவில்லை. நூறு கிலோமீட்டருக்கு அப்பால், மதர்வெல் திடலில் ஆட நேர்ந்தது. ஓர் ஆட்டத்தைக் காண வந்தவர்கள் 431 பேர் மட்டுமே. மைல்சன் நோய்வாய்ப்பட்டதும் பணவரவு நின்றது. வீரர்களின் சம்பளம் தடைபட்டது. 2008இல் குழு கலைந்தது.

அதே ஆண்டு ரசிகர்கள் ‘கிரெட்னா 2008’ என்ற புதிய குழுவைத் தொடங்கினர். கீழ்நிலை லீக்கில் ஆடி, பிறகு ரேடேல் பார்க்குக்கே திரும்பினர். ஒருவரின் பணத்தில் உயர்ந்த குழு அவரோடு சரிந்தது. ஊரார் சேர்ந்து தொடங்கிய குழு சிறியதுதான், ஆனால் நிலைத்திருக்கிறது.