பெட்டி உடைந்த காலமும் சட்டம் உடையும் காலமும்

மணாலியிலிருந்து லே போகிற சாலையில், சந்திரா நதியும் பாகா நதியும் கூடும் தாந்தியில் ஒரு பெட்ரோல் பங்க் உண்டு. அடுத்த பங்க் 365 கிலோமீட்டருக்கு அப்பால் என்று சொல்லும் அந்தப் பலகையின் முன் நின்று படம் எடுத்துக்கொள்ளாத பைக் பயணிகள் குறைவு. நம் நாட்டில் பைக்கின் இரண்டு பக்கமும் சுமை மாட்டும் பழக்கத்துக்கு அந்தப் பலகையும் ஒரு காரணம் என்பேன். புல்லட்டின் டேங்க் ஏறக்குறைய பதினான்கு லிட்டர். மேலே ஏற ஏறக் காற்று மெலிந்து, கார்புரேட்டர் வண்டி பெட்ரோலை அதிகமாகக் குடிக்கும். ஆகவே கையோடு கேன் கொண்டுபோக வேண்டும். கேனை நிறுத்த இரும்புக் கம்பியில் ஒரு சட்டம். சட்டம் வந்த பிறகு அதிலேயே பை, கூடாரம், பஞ்சர் சாமான் எல்லாம் தொங்கத் தொடங்கின. டெல்லி கரோல்பாக் கடைகளில் இன்றும் அதன் பெயர் லடாக் கேரியர்தான், அதை வாங்குபவர் கொடைக்கானலுக்குப் போகிறவராக இருந்தாலும்.

அந்தச் சாலை பொதுமக்களுக்குத் திறந்தது 1989இல். அப்போது ஏறிய வண்டிகளில் பெரும்பான்மை திருவொற்றியூரில் பிறந்த புல்லட்டுகள். சாமானை எப்படிக் கட்டினார்கள் என்று அந்தக் காலத்துப் படங்களைப் பார்த்தாலே தெரியும். ராணுவக் கழிவில் வாங்கிய கேன்வாஸ் பை, ரெக்ஸின் பை, உரச்சாக்கு, எல்லாவற்றின் மேலும் ஒரு நீல பிளாஸ்டிக் ஷீட். கட்டுவதற்குக் கயிறு, அல்லது பழைய டியூபை நீளவாக்கில் அறுத்த ரப்பர் நாடா. நம் ஊரில் மூட்டை கட்டிப் பழகியவர்களுக்கு இந்த டியூப் நாடாவின் அருமை தெரியும். குலுங்கக் குலுங்கத் தளராமல் இறுகும். வெளிநாட்டுக் கொக்கி வைத்த எலாஸ்டிக் கயிறு அப்படி இல்லை, பாதி வழியில் தெறித்துச் சக்கரத்தில் சுற்றிக்கொள்ளும்.

அன்று உடைந்தவை எவை என்று பட்டியல் போட்டால் எல்லாம் மலிவான சாமான்கள். ஜிப் புழுதியில் சிக்கிக்கொள்ளும். ரெக்ஸின் சைலன்சரில் பட்டு உருகும். கேரியரின் வெல்டிங் விடும். கேலாங்கிலோ லேயிலோ லாரிப் பட்டறை கண்ட இடத்தில் நிறுத்தி ஒட்டவைத்துக்கொண்டு போவார்கள். வண்டிக்கு ஒன்றும் ஆகாது. சுமைதான் முதலில் விட்டுக்கொடுக்கும்.

பூட்டுப் போட்ட பெட்டி நமக்குத் தெரியாததல்ல. புல்லட்டுக்கும் ராஜ்தூத்துக்கும் தகட்டில் அடித்த சைடு பாக்ஸ் ஊருக்கு ஊர் உண்டு. மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி, மின்வாரிய ஊழியர், வட்டிக்குக் கொடுப்பவர் என்று அதற்குத் தனி வாடிக்கை. ஆனால் அது கணக்குப் புத்தகமும் ரெயின்கோட்டும் வைக்கிற பெட்டி. பதினைந்து நாள் வீட்டை அதில் அடைக்க யாரும் நினைக்கவில்லை.

வீட்டையே அடைக்கிற பெட்டி வேறு வழியில் வந்தது. 1973 அக்டோபரில் லண்டனிலிருந்து டிரையம்ப் டைகர் 100 ஒன்றில் உலகம் சுற்றக் கிளம்பிய டெட் சைமன் கண்ணாடியிழைப் பெட்டிகளை மாட்டிக்கொண்டு போனார். இங்கிலாந்தில் கென் கிரேவன் அந்த வகைப் பெட்டிகளை முன்பே செய்து விற்றுக்கொண்டிருந்தார். சைமனின் வண்டி இப்போது காவென்ட்ரி போக்குவரத்து அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கண்ணாடியிழைக்கு ஒரு நல்ல குணம், விரிசல் விட்டால் துணியும் பிசினும் வைத்து ஒட்டிவிடலாம். கெட்ட குணம், கல்லில் அடிபட்டால் முன்னறிவிப்பில்லாமல் பிளக்கும்.

1982இல் அதேபோல் உலகம் சுற்றக் கிளம்பிய எல்ஸ்பெத் பியர்ட் கட்டடக்கலை படித்தவர். வண்டி பழைய பி.எம்.டபிள்யூ. ஆர்60/6. சிட்னியில் சில மாதம் ஒரு கட்டடக்கலை அலுவலகத்தில் வேலை பார்த்துப் பணம் சேர்த்தபோது, தங்கியிருந்த கராஜிலேயே அலுமினியத் தகட்டில் பூட்டுள்ள பெட்டிகளைத் தானே செய்துகொண்டார். பினாங்கிலிருந்து கப்பலேறிய அந்தப் பெட்டிகள் இந்தியாவில் இறங்கிய துறைமுகம் சென்னை. இன்று லட்சக்கணக்கில் விலை சொல்லும் அலுமினியப் பெட்டிக்கு அதுதான் பாட்டி என்று சொன்னால் மிகை. ஆனால் வடிவம் அதேதான். நேர்மூலை, மேல் திறப்பு, தட்டையான மூடி. தனியாகப் போகிற பெண்ணுக்குப் பூட்டு எவ்வளவு முக்கியம் என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். கடினப் பெட்டி பிறந்தது உறுதிக்காக மட்டுமல்ல, சந்தையில் வண்டியை நிறுத்திவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வருவதற்காகவும்தான்.

கடைப் பெட்டிகள் அதே காலத்தில் பிளாஸ்டிக்குக்கு மாறியிருந்தன. ஜெர்மனியில் பி.எம்.டபிள்யூ. வியாபாரியான மைக்கேல் கிரவுசரின் பெட்டி, இத்தாலியில் பந்தய வீரர் ஜூசெப்பே விசென்சி 1978இல் தொடங்கிய கிவி, இவை ஐரோப்பாவின் நல்ல சாலைகளுக்கு ஏற்றவை. ஒரே கையால் கழற்றி ஹோட்டல் அறைக்குத் தூக்கிப் போகலாம். மண்சாலையில் விழுந்தால் பிளாஸ்டிக்கின் கீல் உடையும், கொக்கி உடையும், அதற்குப் பட்டறையில் மருந்தில்லை. 1990இல் ஜெர்மனியின் கருங்காட்டு மலைப்பகுதியில் தொடங்கிய டூராடெக் போன்றவர்கள் அலுமினியத்துக்குத் திரும்பியது இதனால்தான். ஒன்றரை மில்லிமீட்டர் தகடு விழுந்தால் நசுங்கும், ஆனால் நசுங்கியதைச் சுத்தியலால் தட்டி மூடி மூடுகிற அளவுக்கு நிமிர்த்திவிடலாம். 31, 38, 45 லிட்டர் என்று அளவுகள் வந்தன. 2004இல் நடிகர்கள் யூவன் மெக்கிரகரும் சார்லி போர்மனும் லண்டனிலிருந்து நியூயார்க் வரை கிழக்கு வழியாகச் சென்ற தொலைக்காட்சித் தொடருக்குப் பிறகு, பெரிய பைக்கும் இரண்டு வெள்ளிப் பெட்டியும் சாகசத்தின் சீருடையாகவே ஆகிவிட்டன.

அந்தத் தொடரில் எல்லோரும் மறந்துவிடுகிற ஒரு பகுதிதான் எனக்கு முக்கியம். மங்கோலியாவில் ஒளிப்பதிவாளர் கிளாடியோ வான் பிளாண்டாவின் வண்டியில் பின்சட்டம் உடைந்தது. உலகமே பாராட்டிய ஜெர்மன் வண்டியை அனுப்பிவிட்டு, அவர் அங்கேயே வாங்கிய சிவப்பு நிற ரஷ்ய பைக் ஒன்றில் சிறிது தூரம் தொடர்ந்தார். பெட்டி உடையவில்லை, வண்டி உடைந்தது. அன்றும் இன்றும் என்று ஒப்பிட்டால் நான் பார்க்கிற மாற்றம் இதுதான். பெட்டியின் உறுதி கூடக்கூட, அடியும் அதிர்வும் அதைத் தாண்டி உள்ளே போகின்றன. முதலில் பெட்டியின் கொக்கிக்கு, பிறகு அதைத் தாங்கும் கேரியருக்கு, அங்கிருந்து சீட்டுக்கு அடியில் ஓடும் பின்சட்டத்துக்கு. கேன்வாஸ் பை கிழிந்த காலத்தில் நஷ்டம் ஒரு கோணி ஊசி. பின்சட்டம் உடைந்தால் பயணம் அதோடு முடிந்தது.

கடையில் யாரும் இதைச் சொல்வதில்லை. எத்தனை லிட்டர், ஹெல்மெட் நுழையுமா, எந்த நிறம், இவைதான் கேள்விகள். லிட்டரை வைத்துப் பெட்டி வாங்குவது எனக்கு உடன்பாடில்லாத விஷயம். இடம் இருந்தால் நிரப்புவோம். ஒரு ஜோடி அலுமினியப் பெட்டியும் அதன் கேரியரும் காலியாகவே பத்துப் பதினைந்து கிலோ வரும். அது வண்டி தாங்கும் மொத்தச் சுமையில் ஓட்டுபவரின் எடைக்கும் பின்னால் இருப்பவரின் எடைக்கும் அடுத்து நிற்கிற எடை. வண்டியின் கையேட்டில் அதிகபட்சச் சுமை எவ்வளவு என்று அச்சிட்டிருப்பார்கள். அந்த எண்ணிலிருந்து உங்கள் எடை, மனைவி அல்லது நண்பரின் எடை, பெட்டியின் எடை ஆகியவற்றைக் கழித்துவிட்டு மிச்சம் பாருங்கள். பல வண்டிகளில் மிச்சம் மிகக் குறைவு, அங்கேயே 45 லிட்டர் ஆசை அடங்கிவிடும்.

சுமை எங்கே தொங்குகிறது என்பது எவ்வளவு என்பதைவிட முக்கியம். விடியற்காலையில் டி.வி.எஸ். எக்ஸெலில் பால் கேன் கொண்டுபோகிறவரைக் கவனியுங்கள். கேன்கள் தாழ்வாக, பின்சக்கர அச்சுக்கு ஒட்டி, இரண்டு பக்கமும் சமமாகத் தொங்கும். எந்த வடிவமைப்பாளரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை. லட்ச ரூபாய்ப் பெட்டி வாங்கியவரோ அச்சுக்கும் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கேரியரில் மாட்டி, அதற்கும் மேல் ஒரு டாப் பாக்ஸ் வைத்து, அதில் டூல் கிட்டையும் தண்ணீரையும் போடுவார். முன்சக்கரம் லேசாகி, வேகத்தில் ஹேண்டில் ஆடும்போது டயரைக் குறை சொல்வார். டூல் கிட் பெட்டியின் அடியில், முன்பக்க மூலையில் இருக்கவேண்டும். டாப் பாக்ஸில் ரெயின்கோட்டும் பிஸ்கட்டும் போதும்.

இன்றைய வண்டிகள் சிலவற்றில் இந்தக் கணக்கைத் தொழிற்சாலையே கொஞ்சம் போட்டுத் தருகிறது. 2016இல் வந்த ராயல் என்ஃபீல்டு ஹிமாலயனில் டேங்கின் இரண்டு பக்கமும் கம்பிச் சட்டம் வைத்து, கேனை முன்னால் மாட்ட வழிசெய்தார்கள். லடாக் கேரியர் பின்னால் ஏற்றிய எடையில் ஒரு பகுதி ஓட்டுபவரின் முழங்காலுக்கு முன்னே வந்துவிட்டது. சின்ன மாற்றம்தான், ஆனால் கரோல்பாக் வெல்டரின் அனுபவத்தை ஒரு நிறுவனம் ஒப்புக்கொண்ட இடமாக அதைப் பார்க்கிறேன். பக்கப் பெட்டிகளுக்கான துளைகளும் சட்டத்திலேயே வந்தன. மற்ற இந்திய வண்டிகளில் பெட்டி மாட்ட நினைத்தால் முதலில் இடிப்பது சாரி கார்டு. பின்சக்கரத்தின் இடப்பக்கத்தை மூடும் அந்தக் காப்பு மோட்டார் வாகன விதியில் இருக்கிறது. கேரியரைப் பொருத்த அதைக் கழற்றிப் போட்டுவிடுகிறார்கள். பின்னால் புடவையோ துப்பட்டாவோ உட்காரும் என்றால் கழற்றக்கூடாது.

விழுவதையும் யோசித்துத்தான் வாங்கவேண்டும். மண்ணிலும் ஓடையிலும் விழாமல் திரும்பியவர் இல்லை. லே சாலையில் சர்ச்சுவுக்கு முன்னும் பின்னும் பனி உருகி ஓடும் ஓடைகள் மதியத்துக்கு மேல் பெருகும். காலை ஊன்றி ஊன்றி வண்டியை நகர்த்தும்போது, அகலமான கடினப் பெட்டி பின்னாலிருந்து வந்து கெண்டைக்காலை அழுத்தும். கால் முறிகிற விபத்துகளில் இது தெரிந்த வகை. பெட்டி வண்டியோடு ஒட்டியிருக்கிறதா, கால் ஊன்றும் இடத்துக்குத் தள்ளி இருக்கிறதா என்று கடையிலேயே உட்கார்ந்து, காலைப் பின்னால் இழுத்துப் பார்க்கலாம். கடைக்காரர் விநோதமாகப் பார்ப்பார், பரவாயில்லை. சைலன்சர் பக்கத்துப் பெட்டியைத் தள்ளி மாட்டியிருந்தால் மொத்த அகலம் ஒரு மீட்டரை நெருங்கும். எதிரே ராணுவ லாரி வரிசை வரும்போது அந்த ஒவ்வொரு அங்குலத்துக்கும் விலை உண்டு.

அதே சாலையில் வரும் மோரே சமவெளியின் புழுதி முகப்பவுடர் போல நுண்ணியது, தண்ணீர் நுழையாத இடத்திலும் அது நுழையும். மூடியின் ரப்பரில் நாலு பக்கமும் ஒரு காகிதத்தை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். உருவிக்கொண்டு வந்தால் அந்த மூலையில் இடைவெளி இருக்கிறது. ஒருமுறை விழுந்து பெட்டி கோணிய பிறகு இதை மறுபடி செய்யவேண்டும். கேமராவுக்காகச் செய்யப்படும் பெலிகன் வகைப் பெட்டிகள் காற்றுக்கூடப் போகாமல் அடைபவை. அந்த வழியில் உள்ள தங்லாங் லா கணவாய் 5,328 மீட்டர், அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதி. உச்சியில் திறந்து மூடிவிட்டுக் கீழே இறங்கினால் வெளிக்காற்று மூடியை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். அதற்காகவே அவற்றில் ஒரு சிறு அழுத்த வால்வு இருக்கும். வால்வு இல்லாத மலிவு நகலை வாங்கியவர் அடிவாரத்தில் மூடியோடு மல்லுக்கட்டவேண்டும். அலுமினியத்துக்கு இன்னொரு தொல்லை, பூச்சில்லாத உட்புறம் துணியில் கருப்புக் கறையாக ஏறும். உள்ளே ஒரு துணிப்பை போட்டுவிட்டால் தீர்ந்தது.

இதையெல்லாம் அனுபவித்தவர்களில் ஒரு பகுதியினர் இப்போது பைகளுக்கே திரும்பிவிட்டார்கள். இன்றைய பை உரச்சாக்கு அல்ல. தடித்த நைலான், வெல்டு செய்த தையல், உள்ளே தண்ணீர் புகாத உறை. விழுந்தால் கால் தப்பும், வண்டி தப்பும், எடை பாதி. பூட்டு மட்டும் இல்லை. என்னைக் கேட்டால், மண்பாதை அதிகமுள்ள பயணத்துக்குப் பை, ஊர் ஊராக நிறுத்திச் சுற்றிப் பார்க்கிற தார்ச்சாலைப் பயணத்துக்குப் பெட்டி. 2020இல் அடல் சுரங்கம் திறந்தபிறகு ரோத்தங் கணவாயின் சேறு வழியிலிருந்து விலகிவிட்டது. லே சாலையின் பெரும்பகுதி இப்போது நல்ல தார். பெட்டிக்குச் சாதகமாகக் காலம் திரும்பியிருப்பதையும் மறுக்கமுடியாது.

சென்னையிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு ஒரு கூடுதல் கணக்கு. நிறையப் பேர் பைக்கை டெல்லிக்கோ சண்டிகருக்கோ ரயில் பார்சலில் அனுப்புகிறார்கள். பெட்ரோலை வடித்துச் சாக்குப்பை சுற்றிக் கட்டுவார்கள், பெட்டியோடு அனுப்பினால் நசுங்கி வரும். ஆகவே சாவியில் கழல்கிற வகையா, ஸ்பேனர் தேடவேண்டிய வகையா என்று வாங்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். ரயிலில் பெர்த்துக்கு அடியில் நுழையுமா என்று அளந்தும் பாருங்கள். கேரியர் போல்ட்டுகளுக்கு லாக்டைட் பசை போட்டு, அதே அளவில் நாலு உதிரி போல்ட்டைப் பர்ஸோடு வைத்துக்கொண்டால் நல்லது. முதல் இருநூறு கிலோமீட்டர் கல்லுப்பாதை முடிந்ததும் ஒருமுறை இறுக்கிவிடுங்கள், அங்கேதான் அவை தளரத் தொடங்கும்.